கோடையில் கைகொடுத்த புல்: உங்கள் அனுபவம்

தக்கலையிலிருந்து:
எங்கள் விளை முழுக்கத் தென்னை. அந்த நிழலில் கோ-4 ரகக் கம்பு நேப்பியர் தீவனப்புல் மெலிந்துதான் வந்தது. வெயில் விழும் ஓரத்தில் அதே புல் ஆள் உயரம் தாண்டியது. இப்போது தென்னைக்கு அடியில் கினியா புல்லின் வேர்க்கரணைகளை நட்டிருக்கிறோம். நிழலை நன்றாகத் தாங்குகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், மாசி பங்குனியில் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

மார்த்தாண்டம், இப்போது நியூசிலாந்தின் நார்த்லாந்தில்:
இங்கே பால்பண்ணையில் வேலை பார்க்கிறேன். மேய்ச்சலுக்கு ரைகிராஸ் புல்லும், வெள்ளைக் குளோவர் என்ற பயறுவகைச் செடியும்தான். இரண்டும் குளிர்ச்சியை விரும்புபவை. இங்கே கோடையான ஜனவரி, பிப்ரவரியில் நிலம் காய்ந்தால் வளர்ச்சி நின்றுபோகும். அந்த மாதங்களில் மாடுகளைக் காப்பாற்றுவது கிக்குயு. கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டுப் புல், நம் நீலகிரியிலும் உண்டு. ரைகிராஸ் சோர்ந்துவிடும் சூட்டிலும், குறைந்த தண்ணீரில் நிறையத் தழைக்கும்.

ஆனால் முற்ற விட்டால் தண்டும் சருகுமாக மெத்தை போலக் கட்டிக்கொள்ளும். மாடு நுனியை மட்டும் கடித்துவிட்டு நகர்ந்துவிடும், பாலும் குறையும். நாலைந்து இலை விட்டதும் மேய்த்துவிட வேண்டும். சோடியம் குறைந்த புல் என்பதால் உப்பும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இலையுதிர் கால வேலை. கிக்குயுவை ஒட்ட மேய்த்து, மிச்சத்தை இயந்திரத்தால் அடித்து நொறுக்கி, அதற்குள்ளேயே ரைகிராஸ் விதையை இறக்குவார்கள். குளிரில் கிக்குயு அடங்கும், உறைபனி பட்டால் கருகும். அந்த நேரத்தில் ரைகிராஸ் எழும்பிவிடும். உழவே வேண்டாம், வருடம் முழுக்க ஏதாவது ஒரு புல் நிற்கிறது.

ஊரில் கிக்குயு நடலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். அதன் பலமே குளிரும் சூடும் மாறி மாறி வரும் இடத்தில்தான். நம் விளைக்குக் கினியாவே போதும், அதையும் பூக்கும் முன்பே அறுத்துவிடுங்கள்.

தோவாளையிலிருந்து:
சரிதான் அண்ணே, ஆனால் நேப்பியரை ரொம்ப இளசாக அறுத்துப் போடுவதும் ஆபத்து. இளம் புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு கூடுதல், அது மாட்டுக்குச் சேர வேண்டிய கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் முதல் அறுப்பை 75 நாள் கழித்துத்தான் எடுப்போம், அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை. அதோடு வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனத்தையும் நறுக்கிக் கலந்து போடுகிறோம். மாடு தொட்டியில் மிச்சம் வைப்பதில்லை.