எம்ஜிபி ரோட்ஸ்டரில் உள்விளக்கு பொருத்துவது எப்படி?

கேள்வி: கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் காரான என் 1965 எம்ஜிபி ரோட்ஸ்டரில், காலடியில் விழுந்த சாவியைக்கூட இரவில் கையால் தடவித்தான் தேட வேண்டியிருக்கிறது. டாஷ்போர்டில் துளையிடாமல், அதன் அடியில் எல்.இ.டி. பட்டை பொருத்துவதற்கு மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கலாம்?

பதில் 1: முதலில் பேட்டரியின் துருவத்தை (நேர்முனை, எதிர்முனை) கவனியுங்கள். 1967 வரையிலான எம்ஜிபிக்களில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உலோகப் பாடியுடன் இணைந்திருக்கும். சாதாரண பல்பு எப்படிக் கொடுத்தாலும் எரியும், எல்.இ.டி. முனை மாறினால் எரியாது. முந்தைய உரிமையாளர் எவரும் பேட்டரி இணைப்பை மாற்றியிருக்கவில்லையெனில், பட்டையின் சிவப்பு வயர் பாடிக்கும் கறுப்பு வயர் மின்வழிக்கும் செல்ல வேண்டும்.

பதில் 2: ஹாரனுக்குச் செல்லும் ஊதா வயரில், சாவியை எடுத்த பின்னும் மின்சாரம் இருக்கும். கறுப்பு வயரை 1 ஆம்பியர் ஃபியூஸுடன் அதில் இணைத்து, சிவப்பு வயரைக் கதவுச் சுவிட்ச் வழியாகப் பாடிக்குக் கொடுத்தால், கதவைத் திறக்கும்போது விளக்கு எரியும். பேட்டரியைக் கழற்றிவிட்டே தொடங்குங்கள்.

பதில் 3: இளமஞ்சள் ஒளியையே வாங்குங்கள்; பளீர் வெள்ளையில் பழைய தோல் இருக்கைகள் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதுபோல் தோன்றும்.