நவம்பர் 25 பேரணி: பொதுமக்களை வைத்து 24 நிமிட ஆவணப்படம், ஆலோசனை தேவை

செந்தூல் குமரன்:
வணக்கம். 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக இண்ட்ராஃப் அமைப்பு கோலாலம்பூரில் நடத்திய பேரணிக்குப் போனவர்களை வைத்துத் தொலைக்காட்சிக்கு 24 நிமிடப் படம் எடுக்கிறோம். தலைவர்கள் யாரும் வேண்டாம். லாரி ஓட்டுநர், தையல்காரம்மா, அப்போது படிவம் ஐந்தில் (17 வயதுப் பள்ளி வகுப்பு) படித்த பையன் என்று ஆறு பேர் பேசச் சம்மதித்திருக்கிறார்கள். இருவர் முகம் காட்ட மாட்டார்கள். கையில் இருப்பது இரண்டு மினி டிவி (MiniDV) வீடியோ கேசட்டும், பழைய கைப்பேசியில் பிடித்த சில காட்சிகளும். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. எங்கே தொடங்கலாம்?

பினாங்கு எடிட்டர்:
கேசட்டைச் சும்மா போட்டுப் பார்க்காதீர்கள் தம்பி. நம் ஊர் ஈரத்துக்கு நாடா பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் சின்னச் சன்னல் வழியே பாருங்கள். நாடா ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் கேமராவுக்குள் விடவே கூடாது, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள், இறுக்கம் சீராகும். பிறகு ஃபயர்வயர் (கேமராவிலிருந்து கணினிக்கு டிஜிட்டலாகவே அனுப்பும் வயர்) வழியாக அப்படியே இறக்குங்கள். டிவியில் சொருகும் மஞ்சள் அனலாக் வயரில் எடுத்தால் தரம் போய்விடும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட். இரண்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.

கைப்பேசிக் காட்சி பெரும்பாலும் 176க்கு 144 பிக்சல் இருக்கும். பிரேம் வேகமும் ஏறி இறங்கும். அப்படியே எடிட்டிங் டைம்லைனில் போட்டால் கொஞ்ச நேரத்தில் வாயும் குரலும் விலகும். நகலெடுத்து, அந்த நகலை வினாடிக்கு நிலையான 25 பிரேமுக்கு மாற்றியபின் வெட்டுங்கள். ஏஐ போட்டுத் தெளிவாக்க வேண்டாம். இல்லாத கண்ணையும் மூக்கையும் அது வரைந்து வைக்கும். போராட்டப் படத்தில் அது பொய்ச்சாட்சி. கறுப்புத் திரை நடுவில் சின்னதாகவே விடுங்கள். பார்ப்பவர் காது தானாகக் கூர்மையாகும்.

கேமராக் கடிகாரத்தை நம்பாதீர்கள். நவம்பர் கடைசியில் காலை வெயில் தென்கிழக்கிலிருந்து வரும், நிழல் வடமேற்கே விழும். அம்பாங் சாலையின் வரைபடத்தோடு ஒப்பிட்டால் காட்சிகளை வரிசைப்படுத்தலாம்.

மலர்விழி, பிரிக்பீல்ட்ஸ்:
24 நிமிடத்துக்கு ஆறு பேர் கூட்டம். மூவர் போதும்.

“எப்படி இருந்தது?” என்று கேட்டால் நாளிதழில் படித்ததைத்தான் ஒப்பிப்பார்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், காரை எங்கே விட்டீர்கள், காலில் என்ன செருப்பு என்று கேளுங்கள். வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து நடந்த வழியை வரையச் சொல்லுங்கள். கேமரா கையிலேயே நிற்கட்டும். கோடு ஒரு மூலையில் நின்றுவிடும். அவசரப்பட்டு அடுத்த கேள்வி கேட்டுவிடாதீர்கள், அங்கேதான் நினைவு வருகிறது. பழைய காட்சிகளைப் பேட்டி முடிந்தபின்தான் காட்ட வேண்டும். கூட்டத்தை மேலிருந்து பார்த்ததுபோல் யாராவது சொன்னால், அது பிறகு படத்தில் பார்த்ததாக இருக்கலாம்; “அப்போது எங்கே நின்றீர்கள்?” என்று கேளுங்கள்.

விடியுமுன் பத்துமலைக் கோயில் வாசலில் நடந்தது வேறு, பிறகு இரட்டைக் கோபுரத்துப் பக்கம் அம்பாங் சாலையில் நடந்தது வேறு. இரண்டிலும் கண்ணீர்ப்புகை இருப்பதால் ஒரே காட்சியாக ஒட்டிவிடுகிறார்கள். அங்கே நின்றவர்களுக்கு அது பெரிய அவமதிப்பு. கொலை முயற்சி என்று 31 பேர்மேல் டிசம்பரில் குற்றம் சாட்டியதும், அந்த மாதமே அதை மீட்டுக்கொண்டதும் பத்துமலை தொடர்பாகத்தான்.

முகம் காட்டாதவர்களைப் படம்பிடித்தபின் மங்கலாக்குவது போதாது, மூலக்கோப்பில் முகம் இருக்குமே. முதுகுப்பக்கம் சன்னல், முகத்துக்கு விளக்கே வேண்டாம். குரலின் சுருதியை மாற்றினாலும் மறுபடி திருப்பிவிடலாம். அவர் சொன்னதை வேறொருவர் பேசட்டும், குரல் வேறொருவருடையது என்பதைத் திரையில் எழுதிப் போடுங்கள். மோதிரம், சாமி மேடைப் படம், வாசலில் நிற்கும் மோட்டார் எண், எதையும் காட்சிக்குள் வர விடாதீர்கள்.

ரவாங் ராஜா:
படம்பிடிக்கும் முன்பே ஃபினாஸ் (மலேசியத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) உரிமமும் படப்பிடிப்புச் சான்றும் கையில் இருக்கட்டும். சின்ன மண்டபத்தில் திரையிட்டாலும் 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டம் பாயும். இலங்கைப் போர் பற்றிய ஆவணப்படத்தை 2013ல் கோலாலம்பூரில் தணிக்கை இல்லாமல் திரையிட்டதற்கு 2017ல் 10,000 ரிங்கிட் அபராதம் விழுந்தது.

செந்தூல் குமரன்:
நன்றி. லாரி ஓட்டுநருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்மதம் எப்படி வாங்குவது?

மலர்விழி, பிரிக்பீல்ட்ஸ்:
தமிழில் வாசித்துக் காட்டி, அவர் பதிலைப் பதிவு செய்யுங்கள். தொலைக்காட்சிக்கு, இணையத்துக்கு, வெளிநாட்டு விற்பனைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். கடைசி வெட்டுக்கு முன் அவர் பகுதியை அவர் வீட்டிலேயே, வீட்டுக்காரம்மாவும் பிள்ளைகளும் இருக்கும்போது போட்டுக் காட்டுங்கள். எந்தத் தேதிவரை விலகலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.