சொல் வேண்டும்: 'சஸ்டெயினபிள் யீல்டு'

நண்பர்களுக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கான சுற்றுச்சூழல் பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு வளம் மறுபடி நிரம்பும் வேகத்தை மீறாமல் நாம் எடுக்கக்கூடிய அளவு, இதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். 'நிலைத்த விளைச்சல்' என்று எழுதினேன். பிள்ளைகள் வேர்க்கடலை விளைச்சல் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் போர் போடுகிறவர்கள் "ரெண்டு இஞ்சு தண்ணி" என்பார்கள். அது போர் போட்ட அன்றைக்கு வரும் தண்ணீர். இங்கே அடியில் இருப்பது பாறை. மேலே சிதைந்த பகுதியிலும் வெடிப்புகளிலும் தங்கியதுதான் நமக்கு. பத்து வருடம் இறைத்தாலும் நிற்குமா என்பதை இஞ்சுக் கணக்கு சொல்லாது. நிலத்தடி நீர்க் கணக்கில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பு, 100ஐத் தாண்டினால் மிகைநுகர்வு என்று பகுதி வாரியாகப் பிரிக்கிறார்கள். "எதுல 70 சதவீதம் மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். அங்கேதான் நிற்கிறேன்.
— ஆசிரியை, குடியாத்தம்

டீச்சர், சொல் நம் வாயிலேயே இருக்கிறது: ஊறளவு. கிணறு ஊறுகிறது என்றுதானே சொல்கிறோம்? பாலாற்று மணலில் வெட்டிய ஊற்றுக்காலும் இந்த வேரில் பிறந்ததுதான். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற குறளில் 'அனைத்து' என்றால் 'அவ்வளவு'. தோண்டிய அளவுக்கு ஊறும். ஊற்றையும் அளவையும் வள்ளுவரே சேர்த்து வைத்திருக்கிறார். 'ஊறனைத்து' என்றே வைக்கலாம் என்பது என் முதல் விருப்பம்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆற்காடு

ஐயா, 'அனைத்து' என்றால் இன்றைக்கு 'எல்லாம்'. ஊறியதை எல்லாம் இறைத்துவிடு என்று பிள்ளைகள் படிப்பார்கள். 'ஊறளவு' தேவலை. ஆனால் ஊறு என்றால் தீங்கும் ஆகுமே? அப்புறம், எங்கள் ஊரில் ஊறல் என்றால் தோலை ஊறப்போடுவது. செய்தித்தாளில் 'ஊறல் அழிப்பு' என்றால் மலையில் சாராய ஊறலைக் கொட்டியது.

இன்னொன்று மனத்தை உறுத்துகிறது. எங்கள் வீட்டுக் கிணறு கோடையிலும் ஊறுகிறது. வாளியில் மொண்டு வைத்தால் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிகிறது, பருப்பு வேகாது. தோல் ஆலைக் கழிவு பாலாற்றில் இறங்கிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்றது. 'சஸ்டெயினபிள்' என்ற சொல்லும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அங்கே அது வெறும் அளவு இல்லை. 'அளவு' என்று முடியும் சொல் இதைத் தாங்குமா?
— வாணியம்பாடி

தீங்காகிய ஊறு, 'உறு' நீண்டு பிறந்தது. பெறு, பேறு ஆனதுபோல. ஊறளவில் இருப்பது ஊறுதல், வினைத்தொகை. ஊறிய, ஊறுகிற, ஊறும் அளவு என மூன்று காலமும் உள்ளே இருக்கின்றன. நேற்றைய மழையையும் நாளைய கிணற்றையும் சேர்த்துப் பேசும் கருத்துக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? ஊறுகாயைத் தீங்கான காய் என்று யாரும் எண்ணியதில்லை. நீரின் தரத்துக்குத் தனிச்சொல் தேடுவோம். ஒரே சொல்லில் இரண்டையும் ஏற்ற வேண்டாம்.
— ஆற்காடு

ஐயா, சந்தனம் ஊறுமா? ஜவ்வாது மலையில் ஒரு மரத்துக்கு வைரம் ஏறப் பல பத்தாண்டுகள் ஆகும். காட்டுக்கும் மீனுக்கும் இதே கருத்துதான். கிணற்றுக்கு ஒரு சொல், காட்டுக்கு ஒரு சொல் என்று வைத்தால் இரண்டும் ஒன்று என்பதே மாணவருக்குத் தெரியாமல் போகும். 'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்' என்பதற்கு 'வளங்குன்றா வளர்ச்சி' ஏற்கெனவே புழங்குகிறது. 'குன்றா எடுப்பு' என்று வையுங்கள்.
— திருப்பத்தூர்

குன்றாதது வளமா, எடுப்பா?
— ஆற்காடு

இரண்டையும் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். 'குன்றா எடுப்பு' என்றதும் "மோட்டார் நிக்காம ஓடுறதா மிஸ்?" என்றார்கள். 'ஊறளவு' என்றதும் அந்தப் பெண், "ஊறுற அளவுக்குள்ள எடுக்கணும்" என்றாள். சரி, நீர்ப் பாடத்தில் ஊறளவு போட்டுவிட்டேன். காடு பாடத்தில் இடம் விட்டிருக்கிறேன். ஞாயிறு இரவு வரை நேரம் இருக்கிறது.
— குடியாத்தம்

நீர்ப் பாடத்திலும் எனக்குச் சம்மதம் இல்லை, டீச்சர். காட்டுக்கு வேறு சொல் கிடைத்தால் நாளை எழுதுகிறேன்.
— திருப்பத்தூர்