சென்சஸ் பீரோ பெயரில் மாற்றி மாற்றித் தபால் வருகிறது, உண்மைதானா?

பால்கனித்தோட்டம் (எடிசன், நியூஜெர்சி):

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு உறை வந்தது. மேலே தடித்த எழுத்தில் ‘உங்கள் பதில் சட்டப்படி கட்டாயம்’ என்று ஆங்கிலத்தில். எங்கள் பெயர் எங்கும் இல்லை, ‘இந்த முகவரியில் வசிப்பவருக்கு’ என்று மட்டும். உள்ளே ‘அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே, இணையத்தில் நிரப்புங்கள்’ என்று ஒரு கடிதம், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமான சென்சஸ் பீரோ பெயரில். மோசடி என்று நினைத்து மூலையில் போட்டேன். ஒரு வாரத்தில் இன்னொன்று, ஓரத்தில் துளையிட்டு, கிழித்துத் திறக்கிற மாதிரி ஒட்டிய தாள். இப்போது தடிமனாக ஒரு கட்டு, காகிதப் படிவத்தோடு. சம்பளம் எவ்வளவு, வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், போன மாத கரண்ட் பில் எவ்வளவு என்றெல்லாம் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒன்றுமே வரவில்லை. நாங்கள் எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம். குப்பையில் போடு என்கிறாள் மனைவி. நிஜமாகவே அரசாங்கம்தானா? அப்படியென்றால் ஒரே கடிதத்தில் சொல்லித் தொலைக்கத் தெரியாதா?

பழைய கணக்கன் (மேரிலாந்து):

தம்பி, குப்பையில் போடாதீர்கள். உண்மையான சர்வேதான். சந்தேகம் இருந்தால் கடிதத்தில் உள்ள எதையும் நம்பவேண்டாம். நீங்களே உலாவியில் சென்சஸ் பீரோவின் தளத்துக்குப் போய்ச் சரிபாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ கேட்டால் அது மோசடி, இவர்கள் அதைக் கேட்கமாட்டார்கள். விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த முகவரியில் யார் வசித்தாலும் பொருந்தும். உங்கள் விடையை வெளியே சொல்கிற ஊழியருக்கு ஐந்து வருடம் வரை சிறை என்று சட்டமே இருக்கிறது.

வருடத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளைக் குலுக்கி எடுக்கிறார்கள், அதனால்தான் பக்கத்து வீட்டுக்கு வரவில்லை. ஒருமுறை வந்தால் ஐந்து வருடத்துக்குள் மறுபடி அதே முகவரிக்கு வராது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நான் சர்வே வேலையிலேயே தலை நரைத்தவன், அதனால் இது கொஞ்சம் நீளும். நீங்கள் ‘தொலைக்க’ என்று சொன்ன அந்தத் தபால் வரிசை யாரோ ஒரு குமாஸ்தா போகிற போக்கில் முடிவு செய்தது இல்லை. மாதாமாதம் எடுக்கும் முகவரிகளை 24 குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 12,000 முகவரி. புதிதாக ஒரு கடிதமோ உறையோ வந்தால் ஓரிரு குழுவுக்கு மட்டும் அதை அனுப்பி, மற்றவர்களுக்குப் பழையதையே அனுப்பி, யார் அதிகம் பதில் போட்டார்கள் என்று பார்ப்பார்கள். மருந்துக்குச் செய்கிற அதே சோதனைதான். ஆக, உங்களுக்கு வந்த கடிதமும் அதே மாதம் டெக்ஸாஸில் ஒருவருக்கு வந்த கடிதமும் வேறாக இருக்கலாம்.

இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் 2015 ஆகஸ்டில் முன்னறிவிப்புக் கடிதத்தைக் கைவிட்டார்கள். அதற்கு முன்பு ‘விரைவில் உங்களுக்கு ஒரு சர்வே வரும்’ என்று தனியாக ஒரு கடிதம் போகும். எல்லாமே காகிதமாக இருந்தவரை அது பலன் தந்தது. 2013இல் இணையம் வந்த பிறகு, கையில் கடிதம் இருக்கும்போதே உள்ளே நுழைய வழி கொடுக்காமல் ‘பிறகு வரும்’ என்பதில் என்ன பயன்? காகிதப் படிவம் மூன்றாவதாக வருவதும் திட்டமிட்டதுதான். இணைய வழியையும் படிவத்தையும் ஒன்றாக வைத்து ‘எது வசதியோ அதைச் செய்யுங்கள்’ என்றால் மரியாதையாகத்தான் தோன்றும், ஆனால் ஆள் இரண்டையுமே தள்ளிப்போடுவான். முதலில் இணையம் மட்டும், அசையாதவர்களுக்குப் பிறகு காகிதம். கிழித்துத் திறக்கிற அந்தத் தாளும் சோதனையில் தேறி வந்தது. வங்கியிலிருந்து பின் நம்பர் வருகிற மாதிரி இருப்பதால் யாரும் பிரிக்காமல் போடமாட்டார்கள். பளபளவென்று வண்ணம் அடித்தால் கிரெடிட் கார்டு விளம்பரம் என்று நேரே குப்பைக்குப் போய்விடும். அழுமூஞ்சி வெள்ளை உறைதான் அரசாங்கம் மாதிரி இருக்கிறது.

உறை மேலே இருக்கிற அந்த மிரட்டல் எனக்கும் பிடிக்காது. அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர்கள் பலருக்கும் பிடிக்காது, ‘கட்டாயம் என்று ஏன் போடுகிறீர்கள், விருப்பமென்று போட்டுப் பாருங்கள்’ என்று கேட்டார்கள். 2003இல் போட்டுப் பார்த்தார்கள். தபாலில் பதில் தருபவர் விகிதம் 20 சதவீதப் புள்ளிக்கு மேல் சரிந்தது. அப்புறம் யோசித்துப் பாருங்கள்: தபாலிலோ இணையத்திலோ பதில் தராத வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குத்தான் ஆள் நேரில் போகிறார். ஒரு ஆள், ஒரு கார், ஒரு மாலை நேரம். ஒரு தபால்தலைக்கு ஆகிற செலவோடு அதை ஒப்பிடவே முடியாது. பின்னாளில் வாசகத்தை மென்மையாக்கியும் சோதித்தார்கள், அப்போதும் பதில் குறைந்தது. பிடிக்கிறதோ இல்லையோ, அந்த ஒரு வரி வேலை செய்கிறது.

ஸ்கார்பரோ அக்கா:

கணக்கன் அண்ணா சொன்னது கனடாவில் நாடு முழுக்க நடந்து முடிந்த கதை. இங்கே சென்சஸோடு சில வீடுகளுக்கு மட்டும் கூடுதல் கேள்விகளோடு ஒரு நீண்ட படிவம் போகும். 2010இல் அரசாங்கம் அதைக் கட்டாயமில்லை என்று ஆக்கினது. அந்த முடிவை ஏற்க ஏலாமல் தலைமைப் புள்ளிவிவர அதிகாரி முனீர் ஷேக் பதவி விலகினார். 2011இல் முன்பு ஐந்து வீட்டுக்கு ஒன்று என்று போன படிவத்தை மூன்று வீட்டுக்கு ஒன்று என்று கூட அனுப்பியும், வந்த பதில் 68.6 சதவீதம்தான். முந்தைய முறை 90க்கு மேலே இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஊர்களுக்கு எண்ணே வெளியிடவில்லை, தரம் போதாது என்று. நான் அப்ப ஒரு சமூக நிலையத்தில் வேலை. வயோதிபருக்குத் தமிழில் சேவை வேணுமென்று மனு எழுத அந்த வருட எண்களை எடுத்தால், நம்பலாமா வேண்டாமா என்றே சண்டை. 2016இல் திரும்பக் கட்டாயமாக்கினார்கள், 97 சதவீதத்துக்கு மேல் வந்தது. நிரப்பி விடுங்கோ தம்பி.

மினசோட்டா மணி:

எங்களுக்குக் குழந்தைகள் உடல்நலம் பற்றி ஒரு சர்வே வந்தது. உறைக்குள் ரொக்கமாக 2 டாலர் நோட்டு வைத்திருந்தார்கள்! இதில் ஏன் பைசா தரவில்லை?

பழைய கணக்கன்:

அதை நடத்துவதும் இதே சென்சஸ் பீரோதான், ஆனால் அது கட்டாயமில்லை. அதனால் 2 டாலர், 5 டாலர் என்று வைத்துச் சோதித்தார்கள். நிரப்பிய பிறகு தருகிறேன் என்பதைவிட, நிரப்பினாலும் சரி, நிரப்பாவிட்டாலும் சரி என்று முதலிலேயே கையில் கொடுப்பதுதான் பலிக்கிறது. வாங்கிக்கொண்டு சும்மா இருக்க மனசு வராது அல்லவா. இங்கே சட்டமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பால்கனித்தோட்டம்:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. தளத்தில் போய்ப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. இன்னொரு சந்தேகம். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று மாதமாக எங்களோடுதான் இருக்கிறார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவார்கள். அவர்களையும் எழுதவேண்டுமா?

பழைய கணக்கன்:

எழுதவேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற சென்சஸ் போல இல்லை இது. இரண்டு மாதத்துக்கு மேல் தங்குகிறவர் எல்லோரும் கணக்கில் வருவார்கள். வீட்டில் பேசும் மொழி என்கிற இடத்தில் தமிழ் என்று எழுதுங்கள். அடுத்த கேள்வி, ஆங்கிலம் எந்த அளவுக்குப் பேசுவார் என்று இருக்கும். அதை அப்பாவிடமே கேட்டு நிரப்புங்கள், நீங்களாக முடிவு செய்தால் வீட்டில் பிரச்சினை.