ருமேனியப் போர் நினைவுச் சிலுவையின் வகைகளை அடையாளம் காண உதவி தேவை

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

ருமேனிய அரசர் முதலாம் பெர்டினாந்து 1918இல் நிறுவிய, 1916–1918 போருக்கான நினைவுச் சிலுவைப் பதக்கங்கள் இரண்டு என்னிடம் உள்ளன. இதன் வடிவம், 1877–78 விடுதலைப் போருக்காக, பின்னாளில் மன்னரான முதலாம் கரோல் வழங்கிய தன்யூப் நதி கடப்புச் சிலுவையைத் தழுவியது. முன்பக்கத்தில் முடியுடன் பெர்டினாந்தின் பெயரெழுத்துச் சின்னமும், பின்பக்கத்தில் ஆண்டுகளும் இருப்பதைக் கொண்டு இதை அந்தத் தன்யூப் சிலுவையிலிருந்து எளிதில் பிரித்தறியலாம். என் குழப்பம் அதுவன்று.

முதல் சிலுவை கருமை படர்ந்து, எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. இரண்டாவது சற்றே மெல்லியது, செம்பழுப்பு நிறம், முடியின் மேலுள்ள சிறு சிலுவை மழுங்கி, பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரிகின்றன. போரின்போது ருமேனியாவுக்கு உதவ ஜெனரல் பெர்த்தெலோ தலைமையில் வந்த பிரெஞ்சு இராணுவக் குழுவினரும் இச்சிலுவையைப் பெற்றதால், பிரான்சிலும் இது தயாரிக்கப்பட்டது. ஆகவே இரண்டாவது அங்கே செய்ததா, அசலிலிருந்து அச்செடுத்துப் பின்னாளில் வார்த்த நகலா என்று முடிவுசெய்ய முடியவில்லை. அந்தக் குழிகள் வார்ப்பில் விழுபவை போலிருப்பதால் நகல் என்றே மனம் சொல்கிறது, ஆனால் விற்றவர் உறுதியாக மறுக்கிறார் (விற்பவர் வேறென்ன சொல்வார்!).

இரண்டாவது சிலுவையின் நாடாவில், 1917ஆம் ஆண்டு மரஷெஷ்டி சண்டையைக் குறிக்கும் ‘மரஷெஷ்டி’ என்ற பெயர் பொறித்த உலோகப் பட்டி உள்ளது. பட்டியின் உலோகம் சிலுவையைவிடப் புதியதாகப் பளபளக்கிறது.

இவ்வகைச் சிலுவை வைத்திருப்பவர்கள், தங்களுடையதன் எடை, தடிமன், வளையம் இணைந்துள்ள விதம் ஆகியவற்றைத் தெரிவித்து, பின்பக்கப் படத்தையும் பகிர்ந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பேருதவியாக இருக்கும். அதுவரை இரண்டையும் துடைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.