‘ஏஜிங்’ என்பதற்கு ஒரு சொல்: கியூபச் சுருட்டின் நாட்பாடு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கியூபச் சுருட்டுகளை ஆண்டுக்கணக்கில் பெட்டியில் வைத்திருக்கும்போது அவற்றின் சுவை மாறுவதைக் குறிக்கும் ‘ஏஜிங்’ என்ற சொல்லுக்கு இணையான தமிழ்ச்சொல் எது என்று ஓர் அம்மையார் இவ்விழையில் கேட்டிருந்தார்; விடையாக முதிர்வு, பழுக்கவைத்தல், பாடம் ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் என் சுருட்டுப் பெட்டியின் முன் அமர்ந்து எண்ணிப் பார்த்தேன். எனக்கு அவற்றில் நிறைவு ஏற்படவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத இசைவு தர வேண்டுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். கியூபாவின் பினார் தெல் ரியோ மாநிலத்தில் உள்ள வுவெல்தா அபாஹோ வட்டாரத்தில் பறிக்கப்படும் புகையிலை, கோல்களில் கட்டப்பட்டுக் கொட்டகையில் ஏறத்தாழ 50 நாள் காற்றில் உலர்கிறது. பிறகு அதை ஈரப்படுத்தி, அடுக்கி, நொதிக்க வைக்கிறார்கள். அடுக்கின் உள்ளே வெப்பம் மிகும்போது பிரித்து, மாற்றி அடுக்குகிறார்கள். அம்மோனியாவின் பெரும்பகுதி இங்கேதான் வெளியேறுகிறது. அடுத்து இலை சிப்பங்களாகக் கட்டப்பட்டுக் கிடங்கில் காத்திருக்கிறது. செடியின் மேற்புறத்தில் வெயிலை மிகுதியாக வாங்கி வளரும் ‘லிகேரோ’ என்னும் வலுவான இலைக்கு இந்தக் காத்திருப்பு குறைந்தது 2 ஆண்டு. நான்காவதாக, உருட்டி முடித்த சுருட்டு பெட்டிக்குள் அடங்கிய பிறகு தொடரும் மாற்றம். ஆங்கிலம் கடைசி இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிடுவதால், படிப்பவர்கள் எது எதுவெனத் தடுமாறுகிறார்கள்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடு அன்று. கியூபச் சுருட்டுகளை உலகச் சந்தையில் விற்கும் ஹபானோஸ் நிறுவனம் ‘ரெசெர்வா’ என்ற பெயரில் விற்கும் சுருட்டுகளின் இலைகள், உருட்டப்படுவதற்கு முன் குறைந்தது 3 ஆண்டு காத்திருந்தவை. ‘கிரான் ரெசெர்வா’ என்றால் 5 ஆண்டு. ஆனால் 2015-இல் கடைகளுக்கு வந்த ‘அன்யேஹாதோஸ்’ வரிசையில், உருட்டிப் பெட்டியில் அடைத்த சுருட்டுகளையே கியூபாவில் 5 முதல் 8 ஆண்டு வரை வைத்திருந்து பிறகு வெளியிட்டார்கள். முன்னது இலைக்கு நேர்ந்தது, பின்னது சுருட்டுக்கு நேர்ந்தது. நம் சொல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட இடம் தரவேண்டும்.

சுவை மாற்றம் எப்படிப்பட்டது என்று இக்கேள்வியைத் தொடங்கி வைத்த அம்மையார் கேட்டிருந்தார். என்னிடம் உள்ள பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4 பெட்டியைக் கொண்டு சொல்கிறேன். 25 சுருட்டுகள் கொண்ட அந்தப் பெட்டியின் அடியில் 2008 ஜூன் மாத முத்திரை உள்ளது. 2009-இல் முதற்சுருட்டைப் பற்றவைத்தபோது மூக்கில் ஏறியது அம்மோனியாவின் கமறல். அதன் பின்னால் மிளகின் காரமும் கடுந்தேநீரின் துவர்ப்பும் நின்றன. மூன்றாண்டு கழித்துக் கமறல் முற்றிலும் போயிருந்தது. பதனிட்ட தோலின் மணமும் வறுத்த காப்பிக்கொட்டையின் கைப்பும் தெளிவாகத் தெரிந்தன. பத்தாண்டு நிறைந்தபோது காரம் நாக்கைச் சுடாமல் மெல்ல வந்து போயிற்று. துவர்ப்பு இருந்த இடத்தில் உலர்ந்த அத்திப்பழத்தின் இனிப்பும் பழைய மரப்பேழையைத் திறந்தாற்போன்ற மணமும் இருந்தன. அன்று அந்தப் புகை வாயில் பட்டு போல இருந்தது என்பதைத் தவிர வேறு உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியும் இப்படியே மாறும் என்று நான் சொல்லவில்லை. மென்மையான கலவைகள் விரைவாகவே மணம் இழந்துவிடுகின்றன.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ‘முதிர்வு’ நல்ல சொல்தான்; ஆனால் வங்கியின் வைப்புத்தொகை அதை எடுத்துக்கொண்டுவிட்டது. அதோடு, முதிர்வு ஓர் எல்லையை அடைந்துவிட்ட நிலையைக் குறிக்கிறது. சுருட்டிலோ மாற்றம் ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. ‘பழுக்கவைத்தல்’ செடியிலேயே இலை பழுப்பதோடு குழம்பும். ‘பாடம்’ என்ற சொல்லின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு, ஏனெனில் அது நம் புகையிலைக்காரர்களின் சொல். சுருட்டு என்ற நம் சொல்லே ‘செரூட்’ என ஆங்கிலத்துக்குள் போயிருக்கும்போது, அத்தொழிலின் சொற்களை நாம் கைவிடுவது முறையன்று. ஆயினும் இலையைப் பாடம் செய்வது மனிதக் கை செய்து முடிக்கும் வேலை. உலர்த்தலையும் நொதிக்கவைத்தலையும் சேர்த்துக் குறிக்க அதையே வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் நடப்பது காலம் செய்யும் வேலை.

எனவே நான் முன்வைக்கும் சொல் ‘நாட்பாடு’. புறநானூற்றில் ஒளவையார் பாடலில் ‘நாட்படு தேறல்’ என்று வருகிறது. பல நாள் வைத்திருந்து வீரியமும் சுவையும் கூடிய கள்ளைக் குறித்த தொடர் அது. படு என்பது பாடு என முதல் நீண்டு தொழிற்பெயர் ஆவது நமக்குப் பழகிய வழி. வினையாகவும் இது எளிதில் இயங்குகிறது: சுருட்டு தானாக நாட்படுகிறது, அதை 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்திலும் 16 முதல் 18 பாகை வெப்பத்திலும் காத்து வைப்பவர் நாட்படுத்துகிறார். ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும், வெப்பம் மிகுந்தால் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கும் என்பதால், இந்தப் பிறவினை வடிவம் நமக்குக் கட்டாயம் வேண்டும். ரெசெர்வாவில் இருப்பது இலை நாட்பாடு, அன்யேஹாதோஸில் இருப்பது பெட்டி நாட்பாடு என்று இரண்டையும் ஒரே அடிச்சொல்லால் பிரித்துவிடலாம். நாட்பட்டது எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லான ‘அன்யேஹோ’ ஆண்டைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அவர்கள் ஆண்டால் அளந்ததை நம் முன்னோர் நாளால் அளந்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

பெட்டி நாட்பாட்டை அடிமுத்திரையில் உள்ள மாதத்திலிருந்து கணக்கிடலாம். 1990-களின் பெட்டிகளில் அது மறைகுறியாக இருக்கும். ‘நிவெலகூசோ’ (NIVELACUSO) என்ற சொல்லின் பத்து ஸ்பானிய எழுத்துகளில் முதல் ஒன்பதுக்கும் வரிசையாக ஒன்று முதல் ஒன்பது வரை எண் கொடுத்து, இறுதி எழுத்துக்குச் சுழியம் கொடுத்தால் மாதமும் ஆண்டும் வெளிப்படும்.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். இன்றைய வழக்கில் ‘நாள்பட்ட’ என்றால் நோயும், ஊசிப்போன பண்டமும் நினைவுக்கு வருமே என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் ‘நாள்பட்ட சுருட்டு’ என்று எழுதாமல், புணர்ந்த வடிவத்தில் ‘நாட்படு சுருட்டு’ என்று வினைத்தொகையாக எழுதப் பரிந்துரைக்கிறேன். நாள்பட்ட நோய் அங்கேயே இருக்கட்டும். நாட்படு தேறலின் பக்கத்தில் நாட்படு சுருட்டு அமரட்டும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு சொல்லும் தேவை. புதுச்சுருட்டு அம்மோனியா நெடியோடு இருக்கும் காலத்தை ஆங்கிலத்தில் நோய்க்காலம் என்ற பொருளில் குறிக்கிறார்கள். சுருட்டுக்கு நோய் ஏதும் இல்லை. அதன் தொண்டைக் கமறல் இன்னும் அடங்கவில்லை, அவ்வளவே. ‘கமறற்பருவம்’ என்று சொல்லலாம். நாட்பாடு எல்லை கடந்து மணம் வற்றிப்போன நிலைக்கு ‘ஓய்வு’ என்று எழுதிப் பார்த்தேன்; அது பணி ஓய்வை நினைவூட்டுகிறது. ‘மணவோய்வு’ என்றால் பொருந்துமா, அல்லது யாழ்ப்பாணத்திலோ திண்டுக்கல்லிலோ புகையிலை வணிகர் வாயில் இதற்குத் தனிச்சொல் வழங்குகிறதா? அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

அன்புடன்.