பேச்சுத் தொடர்பில் சிரமப்படும் மாணவர்களுக்குப் பள்ளியிலேயே சிறப்பு உதவி

கேள்வி (தலைமையாசிரியர், அரசு நடுநிலைப்பள்ளி, தமிழ்நாடு):
எங்கள் பள்ளியில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவனும், பாடத்தைப் புரிந்துகொண்டாலும் வாய்திறந்து பதில் சொல்ல இயலாத பிள்ளைகள் மூவரும் படிக்கின்றனர். அவர்களுக்கான உதவியை எங்கிருந்து தொடங்குவது?

பதில் (சிறப்புப் பயிற்றுநர்):
ஐயா, வணக்கம். வட்டார வள மையத்துக்கு (வட்டார அளவில் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையம்) எழுதி, மதிப்பீட்டுக்குப் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்துவிடுங்கள். பேச்சுக் குறையாகத் தோன்றுவது சில நேரம் கேட்புக் குறையாக இருக்கும் என்பதால், செவித்திறன் சோதனையை முதலில் முடித்துவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

பதில் (பேச்சுப் பயிற்சியாளர்):
வாரம் ஒருமுறை தனியறையில் அளிக்கும் பயிற்சி மட்டும் போதாது என்பது என் கருத்து. படஅட்டையைக் காட்டிப் பதில் சொல்ல விடுவது, கேள்வி கேட்டபின் சற்றுப் பொறுத்திருப்பது, திக்கும்போது சொல்லை நாமே முடித்துவைக்காமல் இருப்பது ஆகியவற்றை வகுப்பாசிரியர் அன்றாடம் கடைப்பிடித்தால்தான் பிள்ளை பேச முன்வரும். படஅட்டை பேச்சையே தடுத்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுவார்கள்; அந்த அச்சத்துக்கு அடிப்படை கிடையாது.

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை மத்திய அரசு 2022இல் அறிவித்தது. அதை மேற்கோள் காட்டியே விண்ணப்பம் எழுதுங்கள்.